வேலையை விட்ட பிறகும் நிறுவனக் கார் என்னிடமே இருக்கிறது. ஓட்டலாமா?

கேள்வி: வெண்முகில்

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பணியாற்றிவிட்டுச் சென்ற மாதக் கடைசியோடு விலகினேன். சேர்ந்த இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு கார் ஒதுக்கினார்கள். வாடிக்கையாளர்களைச் சந்திக்கச் செல்வதற்காகக் கொடுத்த வண்டிதான் என்றாலும், சொந்த வேலைகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நியமனக் கடிதத்தின் பின்னிணைப்பில் ஒரு வரி இருந்தது. அந்தச் சலுகையின் மதிப்பை ஆண்டுதோறும் என் வருமானத்தோடு சேர்த்து வரியும் பிடித்தார்கள்.

கடைசி நாளன்று மடிக்கணினி, கைப்பேசி, அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். காரின் சாவியை நீட்டியபோது மட்டும் என் மேலாளர், "இங்கே நிறுத்த இடமில்லை, உங்கள் இடத்துக்கு ஆள் வரும்வரை உங்களிடமே இருக்கட்டும், ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று சொன்னார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை.

மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. கடைசி மாதச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை, அரையாண்டு ஊக்கத்தொகை ஆகிய மூன்றும் இன்னும் வந்து சேரவில்லை. உடன் வேலை பார்த்த ஒருவர், "கணக்கு முடியும்வரை வண்டியைக் கொடுக்காதீர்கள், உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்" என்கிறார். அடுத்த வாரம் புதிய வேலையில் சேர வேண்டும். இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்த என் அம்மாவை வாரத்துக்கு இருமுறை இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதால், வண்டி வீட்டில் இருப்பது பெரிய உதவியாக இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மேலாளரின் வாய்மொழி அனுமதியை நம்பி இன்னும் சில வாரங்கள் ஓட்டுவது சரியா? நிலுவைத் தொகை வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பேரேடு

வணக்கம் அம்மா. ஒரு நிறுவனத்தின் வாகனப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில் ஒன்றுதான்: இன்றிலிருந்து அந்த வண்டியை எடுக்காதீர்கள், இந்த வாரத்துக்குள் ஒப்படைத்துவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். வண்டியின் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் இருப்பது உங்கள் பெயரன்று. பணியாளர் ஓட்டும்போது அவருக்கும் காப்பீடு பொருந்துவது, உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டுகிறார் என்பதால்தான். வேலையில் இருக்கும்வரை அந்த அனுமதியை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் நியமனக் கடிதமும் வாகனக் கொள்கையும் அதைச் சொல்லிவிடுகின்றன. வேலை முடிந்த நாளோடு அந்த இரண்டு தாள்களும் உங்களைத் தாங்குவதை நிறுத்திவிடுகின்றன. அதன் பிறகு உங்களைத் தாங்குவது மேலாளர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டுமே. அவருக்கே அந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் இருந்ததா என்பதும் கேள்விக்குரியது. நான் பார்த்த பெரும்பாலான வாகனக் கொள்கைகளில், பணிவிலகிய பின் நீட்டிப்புத் தருவதற்கு மனிதவளத் துறையும் நிதித் துறையும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், துறை மேலாளர் தனியாகத் தர முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். வேகவரம்பைத் தாண்டியதாகவோ தவறான இடத்தில் நிறுத்தியதாகவோ அபராதம் விழுந்தால் அறிவிப்பு பதிவு உரிமையாளருக்குத்தான் போகும். அப்போது வண்டி யாரிடம் இருந்தது என்று வாகனப் பிரிவு பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும். பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே பணி முடிந்த தேதி இருக்கும், வண்டி திரும்பிய தேதி காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கும் எவரும், மேலாளர் சொன்னதைக் கேட்டிராத நிலையில், நீங்கள் வண்டியைத் திருப்பித் தரவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சாவியை நீட்டினீர்கள் என்பதற்கு இன்று ஒரு சாட்சிதான் உண்டு. அவரும் நாளை வேறு வேலைக்குப் போய்விடலாம்.

புதிய வேலைக்கு அந்த வண்டியில் போவதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். நிறுவனம் எடுத்திருக்கும் காப்பீடு பொதுவாக அதன் சொந்தத் தொழில் பயன்பாட்டுக்கும் ஊழியரின் சொந்தப் பயன்பாட்டுக்கும்தான் எழுதப்பட்டிருக்கும். இன்னொரு நிறுவனத்தின் வேலைக்காக அலைவது அந்த வரையறைக்குள் வராது.

பதில்: நெடுவழி

பேரேடு சொல்வதை நான் பட்டு அறிந்தவன். என் கதையை முழுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் சொன்ன அதே சொற்களைத்தான் என்னிடமும் சொன்னார்கள்.

நான் விலகி பதினாறாம் நாள். குறுகிய சந்து ஒன்றில் பின்னால் எடுக்கும்போது மதில் தூணில் இடித்துவிட்டேன். பின் பம்பரின் இடது பக்கம் பிளந்து, டிக்கி கதவு ஒரு விரற்கடை உள்ளே போய், விளக்குக் கூடு உடைந்து சிவப்புச் சில்லுகளாகத் தரையில் கிடந்தது. யாருக்கும் காயமில்லை. பழைய அலுவலகத்துக்குப் பேசினேன், அவர்களும் பதற்றப்படாமல் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தார்கள். மறுநாள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். அமைதியான மனிதர். வண்டியைச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு படிவத்தை என்னிடம் தந்து நிரப்பச் சொன்னார். அதில் நான்காவதோ ஐந்தாவதோ வரி: "ஓட்டுநருக்கும் வாகன உரிமையாளருக்கும் உள்ள தொடர்பு."

பேனாவை வைத்துக்கொண்டு அந்த வரிமேல் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஊழியர் என்று எழுதினால் பொய். முன்னாள் ஊழியர் என்று எழுதினால் அடுத்த கேள்வி வரும். உண்மையைத்தான் எழுதினேன், வந்தது. விபத்து நடந்த தேதியில் வண்டியை ஓட்ட எனக்கு அனுமதி இருந்தது என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கடந்துபோன தேதிக்கு அனுமதிக் கடிதம் தர நிறுவனத்தின் சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் நிலையில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. பழுதுபார்த்த செலவு முழுவதையும் என் இறுதிக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். கழிக்கலாமா கூடாதா என்று வழக்காடும் நிலையில் நான் இல்லை, இடித்தவன் நான்தான் என்பதும் உண்மை.

தூணுக்குப் பதில் ஒரு மனிதர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன். பல நாடுகளில் மூன்றாம் நபருக்கான இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட வேண்டியிருக்கும், பாதிக்கப்பட்டவருக்கு அது நல்லதுதான். ஆனால் காப்பீட்டின் நிபந்தனை மீறப்பட்டிருந்தால், கொடுத்ததைப் பின்னர் பொறுப்புடையவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கக்கூடும். அது பம்பர் செலவைப் போன்ற ஒரு தொகையாக இருக்காது, வாழ்நாள் கடனாகிவிடும்.

உங்கள் அம்மாவுக்காகத்தான் வண்டி தேவைப்படுகிறது என்கிறீர்கள். அவரை உட்கார வைத்து ஓட்டும் வண்டி என்பதாலேயே இதை இத்தனை விரிவாக எழுதுகிறேன். அந்தச் சில வாரங்களுக்கு வாடகைக் காரை வையுங்கள்.

பதில்: முத்திரைத்தாள்

இரண்டாவது கேள்விக்கு, அதாவது நிலுவைக்காக வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு, சட்டத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று குறிப்பிடவில்லை, ஆகவே பொதுவான கோட்பாட்டைச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டுக்கு ஒன்றிரண்டு நாடுகளின் நிலையைக் காட்டுகிறேன்.

பிறர் பொருளைப் பணம் வரும்வரை நிறுத்தி வைக்கும் உரிமை சட்டத்தில் உண்டு, ஆனால் அது எல்லாருக்கும் எல்லாக் கடனுக்கும் உரியதன்று. இந்தியாவின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 170-ஆம் பிரிவு, ஒரு பொருளின்மீது உழைப்பும் திறனும் செலுத்தி வேலை செய்தவருக்கு அந்த வேலைக்கான கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. பழுதுபார்த்த மெக்கானிக் காரைத் தராமல் வைத்திருப்பது இதன்படிதான். 171-ஆம் பிரிவு பொதுக்கணக்கில் உள்ள எந்த நிலுவைக்காகவும் பொருளை நிறுத்தி வைக்கும் உரிமையை வங்கியாளர்கள், பிறர் சரக்கைத் தம்மிடம் வைத்து விற்கும் வணிக முகவர்கள், துறைமேடைக்காரர்கள் (துறைமுகத்தில் சரக்கை வாங்கி வைத்துக் காப்பவர்கள்), உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள், காப்பீட்டுத் தரகர்கள் என்று குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தருகிறது. மற்றவர்களுக்கு வெளிப்படையான ஒப்பந்தம் இருந்தால்தான் உண்டு. சம்பள பாக்கி உள்ள ஊழியர் இந்த இரண்டிலும் வருவதில்லை. நீங்கள் செய்த வேலை விற்பனை, காரின்மீது செய்த வேலையன்று. ஆகவே உங்கள் நண்பர் சொல்லும் "பிடி" உங்கள் கையில் இல்லை.

இல்லை என்பதோடு அது நிற்பதுமில்லை. இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 452-ஆம் பிரிவு, கம்பெனியின் சொத்தைத் தவறாக வைத்துக்கொள்ளும் அலுவலர் அல்லது ஊழியருக்கு அபராதம் விதிக்கிறது. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் திருப்பித் தரும்படி ஆணையிடலாம், தராவிட்டால் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. "நான்தான் ஊழியர் இல்லையே" என்ற வாதமும் எடுபடாது. முந்தைய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இணையாக இருந்த 630-ஆம் பிரிவு முன்னாள் ஊழியர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கு நிறுவனக் குடியிருப்பைப் பற்றியது, ஆனால் சட்டம் சொல்வது "சொத்து" என்பதால் காரும் அதில் அடங்கும்.

உங்கள் நிலை இன்று அந்த அளவுக்குப் போகவில்லை, மேலாளர் அனுமதித்திருக்கிறார். ஆனால் பணம் தந்தால்தான் வண்டி என்று ஒரு மின்னஞ்சல் நீங்கள் அனுப்பிவிட்டால், அந்த நொடியிலிருந்து அனுமதியோடு வைத்திருப்பவர் என்ற இடத்திலிருந்து தவறாக நிறுத்தி வைத்திருப்பவர் என்ற இடத்துக்கு நீங்களே நகர்ந்துவிடுகிறீர்கள். உங்கள் நிலுவை நியாயமான கோரிக்கை. அதன் பக்கத்தில் ஒரு குற்றப் புகாரை அவர்களுக்குக் கையில் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வண்டியை ஊழியர் பக்கமிருந்து பார்க்கும் சட்டங்களும் உண்டு. ஜெர்மனியில் சொந்தப் பயன்பாட்டுக்கும் தரப்படும் நிறுவனக் கார் ஊதியத்தின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. பணிவிலகல் அறிவித்தபின் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிச் சம்பளம் தரும் காலத்தில், வண்டியைத் திரும்பக் கேட்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும்கூட, அந்த உரிமையை இரு தரப்பு நலன்களையும் எடைபோட்டு நியாயமாகவே பயன்படுத்த வேண்டும் என்று அந்நாட்டுக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2012 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மாதம் முழுவதற்கும் வரி கட்டும் ஊழியரிடமிருந்து மாத நடுவில் வண்டியைப் பிடுங்கியதற்காக அந்த வழக்கில் இழப்பீடும் கிடைத்தது. ஆனால் கவனியுங்கள், அங்கும் பேச்சு முழுவதும் பணி ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் நாள்களைப் பற்றியதுதான். நீங்கள் அந்த எல்லையை மூன்று வாரங்களுக்கு முன்பே கடந்துவிட்டீர்கள்.

வெண்முகில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நெடுவழி அவர்கள் எழுதிய படிவத்தின் அந்த ஒரு வரியைப் படித்ததும் சாவியை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டேன், இன்று அம்மாவை ஆட்டோவில்தான் அழைத்துச் சென்றேன். ஒப்படைப்பதில் இனி எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்த வண்டியை நானே விலைக்கு வாங்கிக்கொள்ள முடியுமா என்று ஓர் எண்ணம் இருக்கிறது. ஆறு ஆண்டுகள் ஓட்டிய வண்டி, அதன் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். மேலும், ஒப்படைக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்ல முடியுமா?

பேரேடு

வாங்க முடியும், ஆனால் முதலில் பதிவுச் சான்றை எடுத்து உரிமையாளர் பெயர் யாருடையது என்று பாருங்கள். பல நிறுவனங்கள் காரை வாங்குவதில்லை, குத்தகை நிறுவனத்திடமிருந்து மாதக் கட்டணத்துக்கு எடுக்கின்றன. அப்படியானால் உங்கள் பழைய நிறுவனத்துக்கே அதை விற்கும் உரிமை இல்லை, குத்தகைக் காலம் முடியும்போது வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நிறுவனத்தின் சொந்த வண்டி என்றால், கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பை வைத்தோ சந்தை மதிப்பை வைத்தோ விலை சொல்வார்கள். அது பணியாளருக்குத் தரும் சலுகை விலையாக இருந்தால் வித்தியாசத்துக்கு வரி வரலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்று வேண்டும். பதிவும் காப்பீடும் உங்கள் பெயருக்கு மாறும்வரை அதுவும் அவர்கள் வண்டிதான். ஆகவே வாங்குவதாக இருந்தாலும் முதலில் ஒப்படைத்துவிட்டு, பிறகு வாங்குங்கள். நிலுவைத் தொகையில் வண்டி விலையைக் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு கணக்கும் கலந்தால் எதுவும் சீக்கிரம் முடியாது.

ஒப்படைப்பைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சச்சரவுகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. முதலில் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மனிதவளத் துறைக்கும் மேலாளருக்கும் சேர்த்து எழுதுங்கள். கடைசி நாளன்று சாவியைத் தர முன்வந்ததையும், வண்டியை வைத்திருக்கும்படி மேலாளர் சொன்னதையும், இப்போது ஒப்படைக்கத் தயாராக இருப்பதையும், எந்த நாளில் எங்கே பெற்றுக்கொள்வார்கள் என்பதையும் நான்கு வரிகளில் எழுதினால் போதும். நிலுவைப் பணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம், அதற்குத் தனி மின்னஞ்சல்.

வண்டியைக் கழுவிவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கொடுங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் யாருக்கும் கீறல் தெரியாது, மறுநாள் வெளியே எடுத்தபின் எல்லாம் தெரியும். பெற்றுக்கொள்பவரோடு சேர்ந்து வண்டியை ஒரு சுற்று வாருங்கள். முன் பம்பரின் அடிப்பகுதி, நான்கு வீல் கப், கண்ணாடியின் ஓட்டுநர் பக்க மூலை ஆகியவற்றைக் குனிந்து பாருங்கள், அங்கேதான் பழைய அடிகள் ஒளிந்திருக்கும். கீறலைக் கண்டால் அதன்மேல் விரலை ஓட்டுங்கள். நகம் தட்டினால் பெயிண்ட் போயிருக்கிறது, தட்டாவிட்டால் பாலிஷ் போட்டால் போய்விடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பணம் கேட்கும் பெறுநர்களை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டெப்னி, ஜாக்கி, முக்கோண எச்சரிக்கைப் பலகை இருக்கின்றனவா என்று டிக்கியைத் திறந்து காட்டுங்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, அந்த எண்ணை ஒப்படைப்புத் தாளிலும் எழுதச் சொல்லுங்கள். தேதியோடு நேரத்தையும் எழுதி வாங்குங்கள், அன்று மாலையே வேறொருவர் அபராதம் வாங்கினால் உங்களைக் காப்பது அந்த நேரம்தான்.

எரிபொருள் அட்டை, சுங்கச்சாவடி அட்டை, வாகன நிறுத்துமிட அட்டை மூன்றையும் எண்ணோடு குறிப்பிட்டுக் கொடுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் நீங்களே சொல்லி, அந்தத் தொகையைக் கட்டிவிடுங்கள், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கும் நீங்கள் முன்வந்து சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

பலரும் மறந்துவிடுவது வண்டியின் திரையை. ஆறு ஆண்டுகளாக உங்கள் கைப்பேசியை அதோடு புளூடூத்தில் இணைத்திருப்பீர்கள். தொடர்பு எண்கள், பேசிய அழைப்புகள், வழிகாட்டியில் சேமித்த வீட்டு முகவரி, நீங்கள் போய்வந்த மருத்துவமனை எல்லாம் அதில் பதிந்திருக்கும். அமைப்புகளுக்குள் போய்த் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிடுங்கள். கைப்பேசிச் செயலி வழியாகக் கதவைத் திறக்கும் வசதி இருந்தால் அந்தக் கணக்கிலிருந்து வண்டியை நீக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்து ஓட்டுபவர் எங்கே போகிறார் என்பது உங்கள் கைப்பேசியில் தெரிந்துகொண்டே இருக்கும். முன்கண்ணாடிக் கேமரா இருந்தால் அதை மட்டும் அழிக்காதீர்கள். அது நிறுவனத்தின் பதிவாக இருக்கலாம், என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்திரைத்தாள்

ஒரு சேர்க்கை. ஒப்படைப்புத் தாளில் "எந்தப் பாக்கியும் இல்லை, எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். வாகனத்தைப் பொறுத்தவரை என்ற சொற்கள் அதில் இல்லையென்றால் கையால் சேர்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அப்படியே விட்டால் உங்கள் சம்பள பாக்கிக்கும் அதைக் காட்டிப் பேச இடமுண்டு. நிலுவைக்குத் தனியாக எழுத்து வடிவில் கோரிக்கை அனுப்பி நியாயமான கெடு கொடுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையிலோ உரிய நீதிமன்றத்திலோ முறையிடலாம். வண்டியைத் தாமதமின்றித் திருப்பித் தந்த தாள் அப்போது உங்கள் பக்கம் பேசும்.

வெண்முகில்

இன்று காலை பத்தரை மணிக்கு ஒப்படைத்துவிட்டேன். மின்னஞ்சல் அனுப்பிய மறுநாளே மனிதவளத் துறையிலிருந்து அழைத்தார்கள். வண்டி என்னிடம் இருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது, மேலாளர் யாரிடமும் சொல்லவில்லை. பெற்றுக்கொள்ள வந்த இளைஞரோடு ஒரு சுற்று வந்தபோது, இடது பின்கதவின் கைப்பிடிக்குக் கீழே பிறைபோல் ஒரு கீறல் இருந்தது. அம்மாவின் ஊன்றுகோல் பட்டதாகத்தான் இருக்க வேண்டும். நகம் தட்டவில்லை. தாளில் அப்படியே எழுதினார்கள். "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி உண்மையாகவே இருந்தது, "வாகனத்தைப் பொறுத்தவரை" என்று சேர்த்தேன், அவரும் சுருக்கொப்பமிட்டார். வண்டி குத்தகை நிறுவனத்துடையது என்பதும் அப்போதுதான் தெரிந்தது, ஆகவே வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன். நிலுவைக்குத் தனிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. இரண்டாவது சாவி கையில் இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து தேடியதில் அம்மாவின் தையல் டப்பாவில் கிடந்தது. நாளை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பேரேடு

நல்லது அம்மா. அந்தச் சாவிக்கும் தனியாக ஓர் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள், சாவியின் எண்ணை அதில் எழுதச் சொல்லுங்கள்.